நாக்கில் போட்ட குண்டு: கழற்றினால் ஈறு திரும்ப வளருமா?

கோவைப் பக்கமிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு 24 வயது. ஐ.டி. வேலை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒன்றரை வருடத்துக்கு முன், சென்னையில் பயிற்சியில் இருந்தபோது, ஒரு டாட்டூ கடையில் நாக்கின் நடுவில் பியர்சிங் செய்துகொண்டிருக்கிறார். இரண்டு முனையிலும் குண்டு வைத்த எஃகுத் தண்டு. முதல் வாரம் நாக்கு வீங்கிப்போய்க் கஞ்சி மட்டும் குடித்தாராம். அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. அன்று போட்ட அதே நீளத் தண்டுதான் இன்றும் இருக்கிறது. யோசனையில் இருக்கும்போது குண்டை முன்பல்லில் தட்டுவது பழக்கமாகிவிட்டது. மீட்டிங்கில் பக்கத்து சீட்காரர் “அது என்ன டக் டக் சத்தம்?” என்று கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

இரண்டு மாதமாக ஐஸ் தண்ணீர் பட்டால் கீழ்வரிசை முன்பற்கள் கூசுகின்றன. நாக்கால் தடவினால் பல்லின் உட்புறம் ‘பள்ளமாக’ இருக்கிறது. போன வாரம் வலது கீழ்க் கடைவாய்ப்பல்லின் ஓரம் சில்லுப் பெயர்ந்தது. உள்ளூர்ப் பல் மருத்துவர், “முதலில் அதைக் கழற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்” என்றிருக்கிறார். குத்திவிட்ட கடைக்காரரோ, “குண்டை மட்டும் பிளாஸ்டிக்கில் மாற்றிவிட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், போதும்” என்கிறார். வாசகியின் பெரியப்பா வருடம் தவறாமல் பங்குனி உத்திரத்துக்கு நாக்கில் அலகு குத்திக்கொள்பவர். “அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே, எனக்கு மட்டும் ஏன்?” என்று கேட்கிறார். நாக்கில் வேண்டாம் என்றால் உதட்டில் போட்டுக்கொள்ளலாமா என்பது இன்னொரு கேள்வி. கடிதம் முடியப்போகிற இடத்தில் போகிற போக்கில் ஒரு வரி: “சின்ன வயதில் இதயத்தில் ஓட்டை இருந்ததாம், தானாக மூடிவிட்டது என்று அம்மா சொல்வார்.”

வணக்கம். அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் ஈறும் பல்லும் அவசரமில்லை. இதைத்தான் உடனே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு எக்கோ

வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் இருக்கும். பல் துலக்கும்போது ரத்தம் கசிந்தால்கூடக் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். ஆரோக்கியமான உடம்பு அதைச் சில நிமிடங்களில் துடைத்துவிடும். செயற்கை வால்வு பொருத்தியவர்கள், ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள், பிறவி இதயக் குறை சரியாகாதவர்கள், இவர்களுக்குத்தான் சிக்கல். அந்தப் பழுதான இடத்தில் கிருமி ஒட்டி வளர ஆரம்பித்தால் அது எண்டோகார்டைட்டிஸ், உயிருக்கு ஆபத்தான நோய். நாக்கில் குத்திக்கொண்ட பிறகு இது வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அரிதுதான். ஆனால் அப்படி வந்தவர்களில் சிலருக்குத் தங்கள் இதயத்தில் குறை இருப்பது முன்பே தெரிந்திருந்தது. குத்தும் கடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பயப்பட வேண்டாம். இதயத்தின் கீழறைச் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை குழந்தைப் பருவத்திலேயே தானாக மூடிக்கொள்வது சகஜம். முழுதாக மூடியிருந்தால் இந்த விஷயத்தில் நீங்களும் மற்றவர்களும் ஒன்றுதான். ஆனால் “அம்மா சொன்னார்” என்பதை ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. இதய மருத்துவரைப் பார்த்து ஒரு எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். ஊசியில்லை, வலியில்லை. ஈறுக்கு ஆழமாகச் சுத்தம் செய்தால் ரத்தம் வரும். அதற்கு முன் ஆன்டிபயாடிக் தேவையா இல்லையா என்பதை அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்வோம். முழுதாக மூடிய ஓட்டைக்குப் பொதுவாகத் தேவைப்படாது. நீங்களாக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி ‘முன்னெச்சரிக்கையாக’ விழுங்க வேண்டாம்.

காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், இரவில் வியர்த்துக் கொட்டினால், மாடி ஏற மூச்சு வாங்கினால், பார்க்கும் மருத்துவரிடம் நாக்கில் குத்தியிருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கும் நாக்குக்கும் சம்பந்தம் இருக்குமென்று அவருக்குத் தோன்றாமல் போகலாம்.

பெரியப்பாவின் அலகும் உங்கள் தண்டும்

இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பழனியிலும் பத்துமலையிலும் நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்தி நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாக்கைத் துளைப்பதே ஆபத்து என்று ஒரு வெளிநாட்டுக் கையேட்டை நீட்டினால் நமக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் உங்கள் பெரியப்பா அலகை எத்தனை மணி நேரம் வைத்திருக்கிறார்? காலையில் குத்தினால் சன்னதிக்கு வந்ததும் எடுத்துவிடுகிறார்கள். விபூதி வைக்கிறார்கள். நாக்கில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் துளை விரைவில் மூடிக்கொள்கிறது. மறுநாள் அவர் வாயில் உலோகம் கிடையாது. அது அவருடைய பல்லில் தட்டவில்லை, ஈறில் உரசவில்லை, அதன் மேல் காரை (பல்லில் கெட்டியாகப் படியும் அழுக்கு) படியவில்லை. நீங்களோ ஒன்றரை வருடமாக, தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பேசும்போதும் ஓர் உலோகத் துண்டை வாயில் வைத்திருக்கிறீர்கள். பலரும் குத்துவதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஆறிவிட்டால் கண்டம் தாண்டிவிட்டது என்று நினைக்கிறார்கள். பல் மருத்துவருக்கு வேலை வருவதே துளை ஆறிய பிறகு, அங்கேயே தங்கிவிடும் உலோகத்தால்தான்.

அதற்காக அலகு குத்துவதில் ஆபத்தே இல்லை என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே அலகை ஒருவருக்குக் குத்தி எடுத்து, துடைத்துவிட்டு, அடுத்தவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலை வைரஸ் பக்தி பார்த்து ஒதுங்கிப் போகாது. சர்க்கரை உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குத்திக்கொள்ளக் கூடாது. பெரியப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஈறு விஷயம்

‘பள்ளம்’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்க்காமலே என்னவென்று ஓரளவு சொல்ல முடியும். கண்ணாடி முன்னால் நின்று, நாக்கைத் தூக்கி, செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். கீழ்வரிசை நடுப்பற்கள் இரண்டின் உட்புறத்தில், ஈறின் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் கூராகக் கீழே இறங்கியிருக்கும். இறங்கிய இடத்தில் பல் வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாகத் தெரியும். அந்த மஞ்சள்தான் வேர். எனாமல் அதன் மேல் கிடையாது. அதனால்தான் ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீர் என்கிறது. பேசும்போதும் விழுங்கும்போதும் குண்டு போய் இடிக்கும் இடமும் அதுவாகத்தான் இருக்கும். நாக்கை முன்னால் நீட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அந்த இடத்தில் ஈறும் மெல்லியது, அதன் அடியில் இருக்கும் எலும்பும் மெல்லியது. போதாததற்கு நாக்குக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. எல்லோருக்குமே காரை அதிகம் படியும் இடம். உங்கள் கீழ்க் குண்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் மேலும் சொரசொரப்பாகக் காரை ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. வழவழப்பான எஃகு உரசுவது ஒரு கணக்கு, காரை படிந்த எஃகு உரசுவது வேறு கணக்கு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஈறு கல்கூட இல்லை.

2002-இல் அமெரிக்காவில் நாக்கில் குத்தியவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நீளமான தண்டை இரண்டு வருடமோ அதற்கு மேலோ போட்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு இதே இடத்தில் ஈறு இறங்கியிருந்தது. நான்கு வருடம் தாண்டியவர்களில் 47 சதவீதம் பேருக்குக் கடைவாய்ப் பற்களில் சில்லுப் பெயர்ந்திருந்தது. சின்ன ஆய்வுதான், 52 பேர். ஆனால் அதற்குப் பின் வந்தவையும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. உங்களுக்கு இரண்டும் ஒன்றரை வருடத்திலேயே வந்துவிட்டன. அந்தத் தட்டும் பழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு இருக்கும். முதல் நாள் போடும் தண்டு வேண்டுமென்றேதான் நீளமாக இருக்கும், நாக்கு வீங்க இடம் வேண்டுமே. வீக்கம் வடிந்ததும் குட்டையான தண்டுக்கு மாற்ற வேண்டும் என்பது குத்துகிறவர்களின் தொழில் விதியே. அதைக்கூட உங்களுக்குச் சொல்லவில்லை.

சரி, கழற்றினால் ஈறு திரும்ப வளருமா? வளராது. நீங்கள் எதிர்பார்த்த பதில் இது இல்லை என்று தெரியும். இறங்கிய ஈறு தானாக மேலே ஏறாது. கால்சியம் மாத்திரை, நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, ஈறு மசாஜ் எதற்கும் அது மசியாது. கழற்றினால் கிடைப்பது, மேற்கொண்டு இறங்காமல் நிற்பது. அதுவே பெரிய லாபம். இன்னும் இறங்கினால் எலும்பும் கரையும், பல் ஆடும். 24 வயதில் கீழ் முன்பல்லை இழப்பது யாருக்கும் வர வேண்டாத நிலைமை.

அண்ணத்திலிருந்து கொஞ்சம் திசுவை எடுத்து, இறங்கிய இடத்தில் ஒட்டும் அறுவைசிகிச்சை இருக்கிறது. பல்லின் வெளிப்புறத்தில் இது நன்றாகக் கைகொடுக்கும். உட்புறத்தில் நாக்கு ஓயாமல் அசைவதால் தையல் நிற்பதே சிரமம், பலனும் அவ்வளவு உறுதியில்லை. அதனால் எடுத்தவுடனே அறுவைசிகிச்சை என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். முதலில் அளவுக்கோலால் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்து, ஓர் எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்த்து, காரையைச் சுத்தம் செய்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அதே அளவில் நின்றுவிட்டால் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பல் கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட், மென்மையான பிரஷ், வேர் சொத்தையாகாமல் இருக்க ஃபுளோரைடு, இவை போதும்.

கடைவாய்ப்பல்லைத் தள்ளிப்போட வேண்டாம். வெறும் ஓரச் சில்லு என்றால் வழித்துவிட்டோ, பல் நிறப் பூச்சு வைத்தோ ஒரே நாளில் முடித்துவிடலாம். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் கதை வேறு. ஒரு பக்கமாகக் கடித்துவிட்டு எடுக்கும்போது மின்னல் போல வலிக்கிறதா என்று கவனியுங்கள். வலித்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். விரிசல் நரம்புவரை போய்விட்டால் ரூட் கெனால், கேப் என்று செலவு ஏறிவிடும்.

பிளாஸ்டிக் குண்டு, உப்புத் தண்ணீர், உதடு

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யில்லை. அரைகுறை உண்மை. பிளாஸ்டிக் குண்டு பல்லை உடைக்கும் வாய்ப்பு குறைவு. ஈறில் உரசுவதோ அதே உரசல்தான். கடித்துக் கடித்து உடைந்தால் துண்டு தொண்டைக்குள் போகும். வயிற்றுக்குப் போனால் பரவாயில்லை, மூச்சுக்குழாய்க்குப் போனால் ஆஸ்பத்திரிதான். குட்டையான தண்டு கொஞ்சம் நல்லது, ஆனால் ஏற்கெனவே ஈறு இறங்கியவருக்கு நான் அதையும் சொல்ல மாட்டேன். உப்புத் தண்ணீர் புண்ணுக்கு நல்லது, உரசலை அது நிறுத்தாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மாதக்கணக்கில் கொப்பளிக்கிறவர்களும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும்.

உதட்டில் போடலாமா? கீழுதட்டுக் குண்டின் பின்பக்கம் ஒரு தட்டையான வட்டு இருக்கும். அது கீழ் முன்பற்களின் வெளிப்புற ஈறில் உட்கார்ந்து உரசும். 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உதட்டில் குத்தியவர்களில் பாதிப் பேர் வரை ஈறு இறங்கியிருந்தது தெரிந்தது. உங்களுக்கு அந்தப் பற்களின் உட்புறம் ஏற்கெனவே போயிருக்கிறது. வெளிப்புறத்தையும் கொடுத்துவிட்டால் அந்தப் பல்லை எது பிடித்துக்கொண்டு நிற்கும்? உங்களுக்கு உதடு வேண்டவே வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் மூக்கு இருக்கிறது, காதின் மேல்மடல் இருக்கிறது. அவற்றுக்கும் ஆறும் காலம், தொற்று எல்லாம் உண்டு என்றாலும் பல்லுக்குச் சேதமில்லை. குத்திக்கொள்வதையே குற்றமாகப் பேசும் ஆளில்லை நான்.

கழற்றும்போது

நாக்கில் இப்போது வீக்கமோ சீழோ இல்லையென்றால் வீட்டிலேயே கழற்றலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நாக்கைச் சுத்தமான துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, ஒரு கையால் கீழ்க் குண்டைப் பிடித்துக்கொண்டு மேல் குண்டைத் திருகுங்கள். வாஷ்பேசின் ஓட்டையை அடைத்துவிடுங்கள். குண்டு உருண்டு போவது வழக்கம். இறுகிப்போயிருந்தால் இடுக்கி, பல் என்றெல்லாம் முயற்சி செய்யாமல் பல் மருத்துவரிடம் போங்கள், இரண்டு நிமிட வேலை. சீழ் இருந்தால் மட்டும் நீங்களாகக் கழற்றக் கூடாது. துளை மூடி, சீழ் உள்ளே அடைபட்டுவிடலாம்.

ஒன்றரை வருடத் துளையின் உட்சுவரில் தோல் வளர்ந்திருக்கும். அது சுருங்கும், முழுதாக மூடாமலும் போகலாம். சின்னக் குழியாக நின்றுவிட்டால் பேச்சுக்கோ ருசிக்கோ கெடுதலில்லை, தையலும் தேவையில்லை. இத்தாலியில் நாக்கில் குத்திக்கொண்ட 18 வயதுப் பெண்ணுக்கு முகத்தில் மின்சாரம் பாய்வது போல வலி வந்து, எந்த மருந்துக்கும் அடங்காமல், தண்டைக் கழற்றிய இரண்டு நாளில் நின்றுபோனது 2006-இல் மருத்துவ இதழில் வந்தது. எல்லோருக்கும் அப்படி வராது. முகத்தில் விநோத வலி என்று போகிறவர்கள் நாக்கைக் காட்ட மறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டுப் புதிதாகக் குத்திக்கொண்டவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒன்று: தாடைக்குக் கீழே கெட்டியாக வீங்கினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், குரல் கம்மி மூச்சு திணறினால் காலைவரை காத்திருக்காதீர்கள். வாயின் அடித்தளத்தில் பரவும் அந்தத் தொற்று மூச்சுப்பாதையையே அடைத்துவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ‘ஊசி புதுப் பாக்கெட்டிலிருந்துதான் எடுத்தார், இடுக்கியை மட்டும் ஸ்பிரிட் டம்ளரில் முக்கி எடுத்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடுக்கிதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்பிரிட்டில் முக்குவது கிருமி நீக்கம் ஆகாது. அழுத்த நீராவியில், 121 டிகிரியில் வைத்து எடுத்தால்தான் கருவி சுத்தம். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால், அந்தக் கடையைப் பொறுத்தவரை ஒரே பரிசோதனையில் தெளிவான பதில் கிடைத்துவிடும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க விரிவானது 2011 வாக்கில்தான். உங்கள் வயதுக்காரர்கள் பலர் போட்டிருக்க மாட்டார்கள். பரிசோதனை முடிவு வந்த பிறகு மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ளலாம்.

கடைமீது புகார் கொடுக்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஆகவே பில், கையெழுத்துப் போட்ட படிவம், இப்போதைய பல் மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வக்கீலைக் கேளுங்கள். வேல்ஸ் நாட்டில் 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு நாக்கில் குத்திவிடுவது 2018 முதல் குற்றம். நம் ஊரில் அப்படித் தெளிவான சட்டம் இல்லாததால் விபரீதம் நடந்த பிறகுதான் கதவைத் தட்டுகிறார்கள். 2024 டிசம்பரில் திருச்சியில், டாட்டூ கடையில் வைத்து நாக்கை இரண்டாகப் பிளந்துவிட்டவரைக் கைது செய்து கடைக்குச் சீல் வைத்தது நினைவிருக்கலாம். மருத்துவம் படிக்காதவர் கத்தியையோ மரத்துப்போகும் ஊசியையோ எடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி வரிசை. இன்று இரவே தண்டைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் கீழ்ப்பற்களின் உட்புறத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து ஒப்பிட உதவும். இந்த வாரத்துக்குள் எக்கோவும் ரத்தப் பரிசோதனையும். அடுத்த வாரம் பல் மருத்துவர். உங்கள் ஊர் மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அவரிடமே போகலாம். அவர் ஈறு நிபுணரிடம் அனுப்பினால் அங்கேயும் போங்கள். எக்கோ ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், நாற்காலியில் உட்காரும் முன்பே அவரிடம் காட்டிவிடுங்கள்.